பொறி சொன்னதும் கோல் காட்டியதும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவிற் பேச அழைத்த நண்பர்கள், கல்வியும் நம் சமூக முன்னேற்றமும் என்பது போன்ற பெருந்தலைப்பு ஒன்றை எதிர்பார்த்திருக்கக்கூடும். அதனைப் பேசத் தகுதியுடையோர் இம்மேடையிற் பலர் உளர். நாங்கள் மிகச் சிறிய பொருள் ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறோம். சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில், எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் குறிப்பேட்டில் எழுதிய ஒரு வரியை ரப்பரால் அழித்தாள். அவ்வளவே செய்தி. அந்த அழிக்கப்பட்ட வரியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

அதற்கு முன் சிறிது பின்னணி வேண்டும். 2022 நவம்பர் 28 ஆம் நாள், தமிழக முதலமைச்சர் திருச்சியை அடுத்த காட்டூரில் 'வானவில் மன்றம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகள் அறிவியலையும் கணக்கையும் தம் கையாற் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சரியாக இரண்டு நாள் கழித்து, நவம்பர் 30 ஆம் நாள், அமெரிக்காவின் ஓப்பன் ஏஐ நிறுவனம் 'சாட்ஜிபிடி'யை வெளியிட்டது. முன்னதை நாளேடுகளிற் படித்தோம். பின்னது அன்று நம் காதுக்கே எட்டவில்லை. இன்றோ முன்னதன் பெயரைச் சொன்னால் பெற்றோரிற் பலர் விழிக்கின்றனர். பின்னதைப் பிள்ளைகள் 'ஏ.ஐ.' என்று வீட்டுப் பிள்ளையைப் போல அழைக்கின்றனர். 2024 ஜூனில் கூகுளின் ஜெமினி செயலி தமிழிலும் பேசும் நிலையில் இந்தியாவுக்கு வந்தபின், ஆங்கிலம் தெரியாதே என்னும் தயக்கமும் அகன்றது.

எங்கள் பிள்ளைகளுக்குத் தனிக் கைப்பேசி இல்லை. தாம்பரம் சானடோரியத்து மெப்ஸ் வளாகத்தில் வேலை முடித்து இரவு வீடு திரும்பும் தாயின் கைப்பேசிதான் குடும்பத்துக்கு ஒன்று. அவர் சோறு வடித்து இறக்கும் அரைமணி நேரம் பிள்ளைகளின் நேரம். அந்த அரைமணியில் என்ன கேட்டார்கள் என்று ஒரு முறை வகுப்பில் எழுதித் தரச் சொன்னோம். வௌவால் தலைகீழாகத் தொங்கும்போது அதற்கு இரத்தம் தலைக்கு ஏறாதா? விமானப் படைத்தளத்து விமானம் போன பிறகு சத்தம் வருவது ஏன்? பெருங்களத்தூர் ஏரியில் மீன் குஞ்சை யார் கொண்டுவந்து விட்டார்கள்? வண்டலூர்ப் புலிக்கு வியர்க்குமா? இப்படி நாற்பதுக்கு மேற்பட்ட கேள்விகள். இவற்றுள் ஒன்றைக்கூட எங்களிடம் அவர்கள் கேட்டதில்லை. இதைப் படித்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

இப்பொறியைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பார் உளர். நாங்கள் முதலில் மகிழ்ந்தோம்; அதை மறைப்பானேன்? இந்த அவையில் ஐம்பது கடந்தவர்கள் தங்கள் பள்ளி நாள்களை எண்ணிப் பாருங்கள். கடைசி வரிசையிலிருந்து கை தூக்கியபோது கேள்விக்கு முன் நம் பெயரும், பெயருக்குப் பின் நம் தெருவும் விசாரிக்கப்பட்டதை நம்மிற் பலர் மறக்கவில்லை. 'உனக்கு இது எதற்கு?' என்பதே விடையாகக் கிடைத்த கேள்விகள் எத்தனை! 1894 இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி திறந்தபோது, உள்ளே சென்று அமர்வதே பெரும்பேறாக இருந்தது. கேள்வி கேட்பது அதற்கு அடுத்த படி; அந்தப் படியில் ஏறுவதற்கு நமக்கு நெடுங்காலம் பிடித்தது. இப்பொறி தெருவின் பெயரைக் கேட்பதில்லை. ஒரே கேள்வியை ஒன்பது முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு இது சிறிய வசதி அன்று.

ஆனால் கேள்வி கேட்பதில் இரு பாதி உண்டு. கேட்பது ஒரு பாதி. கிடைத்த விடையை உரசிப் பார்ப்பது மறு பாதி. 1907 இல் அயோத்திதாச பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். வாசகர்கள் பல ஊர்களிலிருந்து வினா எழுதி அனுப்ப, பண்டிதர் விடை எழுதினார். அவர் விடையோடு நில்லாமல் தாம் கண்ட சான்றுகளையும் அடுக்கிக் காட்டினார்; ஏற்கவோ மறுக்கவோ வாசகனுக்கு அதனால் இடம் இருந்தது. புதிய பொறியும் விடை தருகிறது. விடையின் நடை மிகவும் ஒழுங்கானது. சான்று எங்கே என்று தேடினால்தான் கை வெறுங்கையாகத் திரும்பும் நேரங்கள் உண்டு.

இப்பொறி எப்படி விடை சொல்கிறது என்பதை எங்கள் கணக்கு ஆசிரியர் பிள்ளைகளுக்கு இவ்வாறு விளக்கினார். உலகில் மனிதர் எழுதி வைத்த நூல்கள், கட்டுரைகள், உரையாடல்கள் முதலியவற்றில் கோடிக்கணக்கான பக்கங்களை அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரத்தக்கது என்று கணக்கிடும் பழக்கத்தை அது அவற்றிலிருந்து பெற்றிருக்கிறது. நாம் வினாவைத் தொடுத்தவுடன் அந்தக் கணக்கின்படி சொல் சொல்லாகக் கோத்து நீட்டுகிறது. ஊட்டிய பக்கங்களிற் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் மிகச் சிறிது. கோக்கப்படும் சொற்கள் பெரும்பாலும் உண்மையாகவே அமைகின்றன, மனிதர் எழுதியவற்றிற் பெரும்பகுதி உண்மையாக இருப்பதால். ஆயினும் தெரியாத இடத்திலும் தெரிந்தது போன்ற குரலிலேயே அது பேசும். தெருக்கோடியில் வழி கேட்டால் தெரியாவிட்டாலும் கையை நீட்டிக் காட்டும் நல்ல மனிதரைப் போல, என்றார் அவர். பிள்ளைகள் சிரித்தனர், புரிந்துகொண்டனர் என்றே எண்ணினோம்.

இனி ஜூலைத் திங்களுக்கு வருவோம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைத் தரையில் செங்குத்தாக நட்டு, பதினொன்றரை மணி முதல் பன்னிரண்டே முக்கால் வரை அதன் நிழல் நுனியைக் குறித்து வரச் சொல்லியிருந்தார் அறிவியல் ஆசிரியை. எளிய சோதனை, செலவு ஒரு சவுக்குக் கோலும் சிறிது சுண்ணாம்பும். அன்று ஆசிரியைக்கு வேறு பணி வந்துவிட்டதால் பிள்ளைகள் தாமே செய்தனர். மறுநாள் குறிப்பேடுகள் வந்தன. அந்தப் பெண்ணின் ஏட்டில், 'நிழல் மிகக் குறைந்த நேரம் 12.00 மணி, நிழலின் திசை வடக்கு' என்று அழகிய கையெழுத்தில் இருந்தது. நீளம் குறிக்கப்படவில்லை. அந்த வரிக்கு அடியிற் காகிதம் தேய்ந்திருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது அழித்த எழுத்துகள் தெரிந்தன: '12.10 முதல் 12.20க்குள். 17 செ.மீ. தெற்கு.'

அழைத்துக் கேட்டோம். அவள் தலை குனிந்து நின்றாள். முந்தைய இரவு தாயின் கைப்பேசியில் பொறியைக் கேட்டிருக்கிறாள். 'சென்னை வட அரைக்கோளத்தில் உள்ளது. ஆகவே நண்பகலில் நிழல் வடக்கு நோக்கி விழும். சூரியன் 12 மணிக்கு உச்சியில் இருக்கும்' என்று அது சொல்லியிருக்கிறது. தான்தான் தவறாகப் பார்த்துவிட்டோம் என்று எண்ணி, பார்த்ததை அழித்துவிட்டுக் கேட்டதை எழுதியிருக்கிறாள்.

அடுத்து நடந்ததைச் சொல்வது எங்களுக்குப் பெருமை தருவதன்று. அறையில் அப்போது இருந்தவர்கள் மூவர்: கணக்கு ஆசிரியர், அறிவியல் ஆசிரியை, தலைமையாசிரியர். தலைமையாசிரியர் பட்டப்படிப்பில் பயின்றது வரலாறு. மூவரும் பொறி சொன்னதே சரி என்று தலையசைத்தோம். வட அரைக்கோளத்தில் நிழல் வடக்கே விழும் என்பதை நாங்களும் எங்கோ படித்திருந்தோமே! 'திசையை மாற்றிக் குறித்திருப்பாய் அம்மா, பரவாயில்லை' என்று சொல்லி அவளை அனுப்பியும் விட்டோம்.

அவள் வாசலைத் தாண்டிய பிறகு அறிவியல் ஆசிரியைக்கு ஐயம் பிறந்தது. அவர் சொன்ன காரணம் எங்களுக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. பார்க்காமல் எழுதுகிற பிள்ளை 15 என்றோ 20 என்றோ எழுதும். 17 என்று எழுதாது. பார்க்காமல் எழுதுகிற பிள்ளை 12 மணி என்று எழுதும், 12.10க்கும் 12.20க்கும் இடையே என்று தடுமாறாது. தடுமாறியிருக்கிறாள் என்றால் அளந்திருக்கிறாள் என்று பொருள்.

மறுநாள் வெயில் நன்றாக இருந்தது. பதினொன்றரைக்கே ஆசிரியர்கள் மைதானத்திற் கூடிவிட்டோம். திசைக்குக் காந்த ஊசி வைத்தோம். அதுவரை எங்கள் பிள்ளைகளுக்கு வடக்கு என்றால் பல்லாவரம் பக்கம், தெற்கு என்றால் வண்டலூர் பக்கம். தண்டவாளத்தைக் கொண்டு சொல்லும் திசை அது, ஊசி காட்டும் திசையிலிருந்து சற்றுச் சாய்ந்தது. பன்னிரண்டு மணிக்கு நிழல் மேற்குப் பக்கமாகச் சாய்ந்தே கிடந்தது. 12.14 அளவில் கோட்டின் மேல் வந்து நின்றது. நீளம் 17 சென்டிமீட்டர். விழுந்த பக்கம் வண்டலூர்ப் பக்கம்.

காரணம் கடினமானதன்று. தாம்பரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. சூரியனோ ஆண்டுதோறும் 23½ பாகையிலுள்ள கடகக் கோடு வரை வடக்கே போய்த் திரும்புகிறது. ஏப்ரல் 24 அளவில் நம் உச்சந்தலைக்கு நேரே நின்று, நம்மைக் கடந்து வடக்கே சென்று, ஆகஸ்டு 18 அளவில் மீண்டும் நம் தலைக்கு மேல் வருகிறது. இடைப்பட்ட ஏறத்தாழ 115 நாள்களும் நண்பகலிற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். நேரத்தின் கணக்கும் அப்படியே. நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கக் கோட்டிற்கு உரியது. நாம் இருப்பது 80 பாகையை ஒட்டி. பாகைக்கு 4 நிமிடமாக ஒன்பதரை நிமிடம் நாம் பிந்துகிறோம். ஜூலையில் பூமியின் ஓட்டத்தால் இன்னும் 5 நிமிடம் சேர்கிறது. பொறி சொன்ன விதி டில்லிக்குப் பொருந்தும். இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பொருந்தும். புத்தகங்களைப் பெரும்பாலும் எழுதியவர்கள் அங்கிருந்து எழுதினார்கள். தாம்பரத்து மைதானத்திலிருந்து எழுதியவள் இவள் ஒருத்திதான், அவளும் அழித்துவிட்டாள்.

அன்று மாலை பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, கொத்தனார் வேலை செய்யும் ஒரு தந்தை எழுந்து, 'வடக்குச் சுவரிலே வெயில் அடிக்கிறது வைகாசி, ஆனி, ஆடியிலேதானே? பூச்சு காயறதை வச்சே எங்களுக்குத் தெரியுமே' என்றார். முப்பது ஆண்டுகளாக அவர் அறிந்திருந்த செய்தி அது. அவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஓர் உண்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மறுநாள் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் நாளையும் ஊரையும் அட்சக்கோட்டையும் குறிப்பிட்டு அதே பொறியை மீண்டும் கேட்டோம். இப்போது சரியாகவே விளக்கியது. முன்னர்ச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டது. வகுப்பு ஆரவாரித்தது. அப்போது ஒரு பையன், பள்ளியிற் குறும்புக்குப் பெயர் பெற்றவன், முன்னே வந்து, 'ஐயா, அது தப்பு, நாங்கள் பார்த்தபோது நண்பகலில் நிழல் கிழக்கே விழுந்தது என்று அடியுங்கள்' என்றான். அடித்தோம். பொறி அதற்கும் மன்னிப்புக் கேட்டது. கிழக்கே விழுவதற்குக் காரணமும் இரண்டு கூறியது! அந்தப் பையன் செய்தது பாடத்திட்டத்தில் இல்லாத சோதனை. எங்கள் கருத்தில் அவ்வாண்டின் சிறந்த சோதனை அதுவே. மெய்யைச் சொல்லித் திருத்தினாலும் பொய்யைச் சொல்லித் திருத்தினாலும் ஒரே பணிவோடு ஒப்புக்கொள்ளும் ஒன்றினிடம், ஒப்புதலைச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதைப் பிள்ளைகள் கண்ணாற் கண்டனர்.

இது நம் ஊர்க் குறையோ தமிழின் குறையோ என்று எண்ண வேண்டா. 2023 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் தன் 'பார்டு' என்னும் பொறியை உலகுக்கு அறிமுகம் செய்தபோது, விளம்பரத்திலேயே பிழை நேர்ந்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதன்முதலிற் படம் பிடித்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்று அது விடை கூறிற்று. அத்தகைய படம் 2004 லேயே சிலி நாட்டிலுள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியால் எடுக்கப்பட்டுவிட்டது. வானியலார் உடனே எடுத்துக்காட்டினர். ஒரே நாளில் அந்நிறுவனத்தின் பங்கு மதிப்பு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி டாலர் சரிந்தது. பெருநிறுவனத்தின் பிழையைத் திருத்த வானியலார் இருந்தனர். நம் வீட்டிற் பிழையைத் திருத்த யார் இருக்கிறார்கள்? தாய் தந்தையர் படித்த வீட்டில், 'அப்படி இருக்காதே' என்று சொல்ல ஒருவர் உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளையின் வீட்டில், இரவு ஒன்பது மணிக்குப் பொறி சொன்ன தவறு தேர்வுத்தாள் வரை உடன் வரும். ஆகையால்தான் சரிபார்க்கும் பழக்கம் பிறரைவிட நமக்கு மிகுதியாக வேண்டியிருக்கிறது.

அன்று முதல் எங்கள் பள்ளியில் ஒரு விதி வைத்தோம். கண்டதும் அளந்ததும் மையினால் எழுதப்பட வேண்டும். பொறி சொன்னது பென்சிலால் எழுதப்பட வேண்டும். அழிக்க நேர்ந்தால் எது அழியும் என்பதில் ஐயம் இருக்கக்கூடாது. பையன்கள் சிலர் பொறியின் விடையையே பார்த்து மையால் எழுதித் தருகிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். விதி செய்தவுடன் உலகம் திருந்திவிடுவதில்லை. இருப்பினும் ஏட்டைத் திறந்தவுடன் எது மை, எது பென்சில் என்று கேட்க முடிகிறது.

ஒரு முறை அளந்தாற் போதாதா என்று கேட்கிறார்கள். நம் ஊரிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி, நூறு அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீளத்துக்கு அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த பெரும்பணி தொடங்கியது அந்தக் கோட்டில்தான். மாநகரப் பேருந்தில் ஒரு மணிக்குள் அதன் இரு முனையையும் பார்த்துவிடலாம். அவர் அத்தோடு நிற்கவில்லை. முக்கோணக் கணக்கால் பெங்களூர் வரை சென்று, அங்கே மற்றொரு கோட்டைச் சங்கிலியால் நேரே அளந்து, கணக்கும் சங்கிலியும் ஒத்து வருகின்றனவா என்று பார்த்தார். வேறுபாடு சில அங்குலங்களே இருந்தது. சங்கிலியைத் தூக்கி வைத்த கூலியாட்களின் பெயர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை. அவர்கள் எந்தத் தெருவினர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பெயர் எழுதப்படாதவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் கல்லுடைத்த ஒரு மூதாட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டு வாசற்படிக் கல் என்ன கல் என்று பொறியைக் கேட்டான். 'கருங்கல் என்பது கிரானைட் அல்லது பசால்ட். எரிமலைக் குழம்பு குளிர்ந்து உண்டானது' என்று விடை வந்தது. பென்சிலால் எழுதினான். மையால் எழுத ஒன்றும் இல்லை. வீட்டில் யாரையாவது கேட்டு வா என்று அனுப்பினோம். அவனுடைய ஆயா இளமையில் திரிசூலம், பம்மல் பக்கத்துக் கல்லுடைப்புகளில் சம்மட்டி பிடித்தவர். இப்போது கண் சரியாகத் தெரியாது. பேரன் கொண்டுவந்த குறிப்பு இது: 'ஆயா சொன்னது. புதிதாக உடைத்தால் நீலம் பாய்ந்த கறுப்பு. எண்ணெய் தடவினது போல மினுக்கும். வெயிலில் கிடந்தால் மேல்தோல் பழுப்பாகும். ஜல்லிக்கு உடைக்கிற மற்றக் கல்லைவிடக் கனம்.'

அறிவியல் ஆசிரியை இந்த நான்கு வரியையும் வைத்துக்கொண்டு தேடினார். அது சார்னோகைட் என்னும் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறை மேல் வைத்த கல் நம் பல்லாவரப் பக்கத்திலிருந்து போனது என்பதால், 1893 இல் தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியலார் அதற்கு அவர் பெயரை இட்டார். பரங்கிமலையில் இப்பாறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நிலத்தின் மிக ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. மேலே வழிந்த எரிமலைக் குழம்பு அன்று. புதிய உடைப்பில் நீலம் பாய்ந்த கருமை, எண்ணெய் மினுக்கு, பழுப்பு மேல்தோல் என நிலவியல் நூல்கள் கூறும் அடையாளங்கள் அந்த மூதாட்டி சொன்னவையே. பிறகு 'சார்னோகைட்' என்ற பெயரைச் சொல்லிப் பொறியைக் கேட்டோம். பல்லாவரம் உட்பட எல்லாவற்றையும் மிக நன்றாகவே கூறியது. பெயரைச் சொல்லிக் கேட்டவர்க்கு அது நல்ல ஆசிரியர். அந்தப் பெயரை எட்டுவதற்குக் கல்லை உடைத்த ஒருவரின் நினைவு வேண்டியிருந்தது. கல்லறையில் உறங்கும் சார்னாக் அந்தக் கல்லை வெட்டியவர் அல்லர் என்று சொன்னபோது ஏழாம் வகுப்பில் எழுந்த கேள்விகளை இங்கே விரிக்க நேரமில்லை.

இன்னொன்று, சுருக்கமாக. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டபோது பொறி சென்னை நகரத்தின் அளவைத் தூக்கித் தாம்பரத்துக்கு வைத்தது. வானிலைத் துறையின் கணக்கில் டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த எண்ணின் பொருளை விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுச் சுவரில் கோடு இருக்கிறது.

பெற்றோருக்குச் சில சொற்கள். சாட்ஜிபிடிக்கு உரிய நிறுவனமே பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர் அதைப் பயன்படுத்தலாகாது என்றும், பதினெட்டு வரை பெற்றோர் இசைவு வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. ஆகவே ஆறு, ஏழாம் வகுப்புகளில் ஆசிரியரே கேட்கிறோம். பிள்ளைகள் கேள்வியைச் சொல்கிறார்கள். பெயர், வீட்டு முகவரி, புகைப்படம், குடும்பத்துத் துயரம் ஆகியவற்றைப் பொறியிடம் சொல்லவேண்டா என்று பெண் பிள்ளைகளுக்குத் தனியே சொல்லியிருக்கிறோம், நீங்களும் சொல்லுங்கள். உடல்நலக் கேள்விகளுக்கு மருத்துவமனை இருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இருபத்தைந்து ஆண்டுகளாக மாலைப் படிப்பகம் நடத்தி வருகிறீர்கள். வெள்ளி விழா நினைவாகப் படிப்பகங்களுக்குக் கணிப்பொறி வாங்குவதென்று செயற்குழு எண்ணியிருப்பதாக அறிகிறோம். வாங்குங்கள். வாங்கும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைக்க ஒரு காந்த ஊசி, ஒரு வெப்பமானி, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு தராசு, ஓர் அளவுநாடா ஆகியவற்றையும் வாங்கித் தாருங்கள். எல்லாம் சேர்ந்தாலும் கணிப்பொறியின் விலையிற் சிறு பங்குதான். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று 1976 ஆம் ஆண்டின் திருத்தம் அரசியலமைப்பிற் சேர்த்தது; அளவுநாடா இல்லாமல் அக்கடமையை எட்டாம் வகுப்புப் பிள்ளை எப்படி ஆற்றும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. மாதத்தில் ஒரு மாலை, கல்லுடைத்தவர், கொத்தனார், தோல் பதனிட்டவர், ஏரியில் மீன் பிடித்தவர் என நம் பெரியோர் ஒருவரைப் படிப்பகத்துக்கு அழைத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். அவர் சொல்வதையும் பென்சிலால்தான் எழுதச் சொல்வோம். அவர் வருத்தப்பட மாட்டார்.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். அழித்த வரியின் மேலேயே மையால் மீண்டும் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பக்கம் பள்ளியில் இருக்கிறது. வரும் ஆகஸ்டு 18 அன்று சூரியன் உச்சியைக் கடப்பதைப் பார்க்க அவளே ஏற்பாடுகளைச் செய்து வருகிறாள். அவள் போட்ட கணக்கின்படி அன்று உச்சிப் பொழுது 12 மணி 13 நிமிடம் அளவில். பொறியையும் கேட்டுப் பென்சிலாற் குறித்து வைத்திருக்கிறாள். மேகம் மூடினால் அடுத்த நாள் பார்ப்போம். ஒரு நாள் வேறுபாட்டில் நிழல் மயிரிழை அளவே தெரியும். உணவு இடைவேளை மணியை அன்று சற்றுத் தள்ளி அடிக்கச் சொல்லியிருக்கிறோம். பெற்றோர் பன்னிரண்டு மணிக்குள் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். கோல்கள் பள்ளியிலேயே இருக்கின்றன.